வெளியே உட்கார்ந்திருந்தவள்

என் மகள் பிறந்த பதினேழாவது நாள், மொட்டை மாடியில் அவளுடைய துணிகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவளைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிக் கீழே விடுவதுபோல் எனக்குள் ஒரு காட்சி வந்தது. கனவில்லை. பகல் பதினோரு மணி. ஒரு கையில் ஈரத்துணி. குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். காட்சி வந்து மறைய ஒரு நொடிதான் ஆகியிருக்கும். துணியை அப்படியே போட்டுவிட்டு, படிக்கட்டு முடியும் இடத்தில் இருந்த சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எழுந்தால் என் கால்கள் என்னைக் கேட்காமல் அந்த ஓரத்துக்குப் போய்விடும் என்று பயந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. அக்கா மேலே வந்தாள். அக்கா என்றால் என் கூடப் பிறந்தவள் அல்ல, ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி.

"இன்னாமே, இங்க குந்திகினு கீற? வெய்யில் மண்டைய பொளக்குது."

"எறங்க முடிலக்கா."

"தையல் வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள். பிறகு குழந்தையை. குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, எனக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில், சுடுகிற தரையிலேயே உட்கார்ந்தாள்.

"இன்னா நெனப்பு வந்துச்சி ஒனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"தூக்கிப் போட்டுடுவோம்னு வந்துச்சா?"

நான் அழ ஆரம்பித்தேன். அவள் அழவிட்டாள். பிறகு, மீன் விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். "எனக்கும் வந்துச்சி. மொத புள்ளைக்கு. அர்வாமணைய பாத்தா வரும்."

அப்போது நான் அவளை ஏதாவது கேட்டிருக்கலாம். பிறகு என்ன செய்தாய், எவ்வளவு நாள் இருந்தது, இப்போதும் வருகிறதா என்று. எதையும் கேட்கவில்லை. இந்த உலகத்தில் இன்னொருத்திக்கும் இது வந்திருக்கிறது என்ற ஆறுதலை மட்டும் எடுத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்தபடி படியிறங்கினேன்.

எங்கள் வீடு காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மேலே மாடி. அதில் மாமியார், அக்கா, அவள் கணவர், அவர்களுடைய ஏழு வயது மகள், நான், என் கணவர், இப்போது என் குழந்தை. பெரியவர், அதாவது அக்காவின் கணவர், விசைப்படகில் போனால் பத்து நாள் கழித்துத்தான் கரை சேருவார். என் கணவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் ரோட்டில் வண்டிகள் வரிசைகட்டி நின்றால் இரண்டு நாள்கூட வண்டியிலேயே கிடப்பார். ஆகவே அது பெரும்பாலும் பெண்களின் வீடுதான். மாமியாரும் அக்காவும் ஏலத்தில் மீன் எடுத்துக் கொண்டுபோய் மார்க்கெட்டில் விற்பார்கள். நான் வண்ணாரப்பேட்டையில் பிறந்தவள். பி.காம். முடித்து, ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மீன் வெட்டக்கூட எனக்கு ஒழுங்காக வராது. அந்த வீட்டில் அதற்காக என்னைக் கேலி செய்யாத ஒரே ஆள் அக்கா.

அவளுக்கு என்னைவிட ஒன்பது வயது அதிகம். மூத்த பெண்ணுக்குப் பிறகு ஒரு பையன் வயிற்றிலேயே இறந்து பிறந்தான். அது நான் கல்யாணமாகி வருவதற்கு ஒரு வருஷம் முன்பு. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பதிமூன்றாம் நாளே அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள் என்று மாமியார் பெருமையாகச் சொல்வார். எனக்குப் பாடம் சொல்வதற்காகச் சொல்வார்.

மாடியில் வந்தது அதன் பிறகும் வந்துகொண்டே இருந்தது. வாளித் தண்ணீரைப் பார்த்தால் வரும். கொதிக்கிற உலையைப் பார்த்தால் வரும். பால் கொடுக்கும்போது குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. சோறு மண் மாதிரி இருந்தது. மாமியார் கெட்டவர் இல்லை. பால் சுரக்க வேண்டும் என்று தினமும் சுறாப்புட்டு செய்து வைப்பார். நான் தொடாமல் வைத்திருப்பதைப் பார்த்தால்தான் அவருக்குக் கோபம் வரும்.

"ஒலகத்துல இல்லாத புள்ளயா பெத்துட்ட? புள்ள பெத்தவளுக்கு அப்டித்தான் இருக்கும். துன்னுட்டு தூங்கு, சரியாப்பூடும்."

கணவரிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். என்ன சொன்னேன் என்றால், "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றேன். "ரெண்டு நாள்ல வண்டி உள்ள பூடும், வந்துர்றேன்" என்றார். காட்சிகளைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பிரித்துவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன்.

குழந்தைக்கு ஊசி போடும் நர்ஸிடம் அக்கா என்ன விசாரித்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு புதன்கிழமை காலை, "கெளம்பு, டாக்டராண்ட போறோம்" என்றாள். மாமியாரிடம், குழந்தைக்கு எடை ஏறவில்லை, வாராவாரம் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள். மார்க்கெட்டில் அவளுக்கு ஒரு நாள் வியாபாரம் போயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் போயிற்று.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது அந்த கிளினிக். யாரோ ஒரு அறக்கட்டளை நடத்தியது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் மட்டும். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், பலகையால் தடுத்த ஒரு சின்ன அறையில் கவுன்சிலிங் கொடுக்கிற மேடம். கீழே மில் ஓடும்போது நாற்காலிகூட அதிரும். மிளகாய் அரைக்கிற நாளில் எல்லோரும் தும்முவார்கள்.

முதல் நாள் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும். வாட்சைக் கழற்றி மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுச் சொன்னார். "நீங்க பேசியே ஆகணும்னு இல்லம்மா. குழந்தை வெளிய பத்திரமா இருக்கு. நாப்பது நிமிஷம் இது உங்க இடம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி."

நான் தூங்கிப்போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில், தலை தொங்கி, வாய் திறந்து. எழுந்தபோது அவர் எதிரே அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுப்பவில்லை. பிள்ளை பெற்ற பிறகு என்னை யாரும் எழுப்பாமல் நான் தூங்கிய முதல் தூக்கம் அதுதான்.

இரண்டாவது வாரம் சொல்லிவிட்டேன். மாடி, வாளி, உலை, எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் அவர் எழுந்துபோய் யாருக்காவது போன் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்த எண்ணம் வந்ததும் நீங்க என்ன பண்ணீங்க?"

"சுவத்தோட ஒட்டி உட்கார்ந்துட்டேன் மேடம்."

"எதுக்கு?"

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு."

"அப்ப அவளக் காப்பாத்தத்தான் உட்கார்ந்தீங்க" என்றார். "எண்ணம் வேற, செய்யறது வேறம்மா. இந்த மாதிரி எண்ணம் நிறைய அம்மாக்களுக்கு வருது. வெளிய சொல்ல பயந்துக்கிட்டு உள்ளேயே வெச்சுக்கறாங்க. இது வியாதி. நீங்க கெட்ட அம்மா இல்ல."

பிறகு ஒளிவுமறைவில்லாமல் கேட்டார். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

"தோணும் மேடம். ஆனா அதுக்குக்கூடத் தெம்பில்ல."

அவர் அதைக் கேட்டு அதிர்ச்சி அடையவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. உடனே டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் சாப்பிடக்கூடிய மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த முறை என் கணவரை அழைத்துவரச் சொன்னார் மேடம். அவர் காக்கிச் சட்டையோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்க வந்தவர் போல் தரையைப் பார்த்தார். மேடம் அவருக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் இருக்கிற நாளில், விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை குழந்தை அவர் பொறுப்பு, அந்த நேரத்தில் நான் தூங்க வேண்டும். அவ்வளவுதான். அவர் அதைச் செய்தார். சொல்லிக் கொடுத்தால் செய்கிற மனிதர் என்பதே எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது.

எனக்கும் மேடம் ஒரு வேலை கொடுத்தார். தினமும் மாடிக்குப் போக வேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு, சுவரிலிருந்து பத்தடி தள்ளி, இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும். எண்ணம் வந்தால் வரட்டும், துரத்தக் கூடாது, போகிற வரை நிற்க வேண்டும். கூட யாராவது இருக்கலாம். அக்காதான் இருந்தாள். மார்க்கெட்டிலிருந்து வந்து குளிக்கக்கூடச் செய்யாமல் மேலே வருவாள். கை முழுக்கச் செதிலோடு என் பக்கத்தில் நிற்பாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சிக்கா."

"போச்சா?"

"இன்னும் இல்ல."

"நில்லு. எங்க பூடும், போவும்."

இரண்டு நிமிஷம் ஐந்தாகி, பத்தடி ஐந்தடியாகி, நான்காவது மாதத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு குழந்தைக்குக் கப்பல்களைக் காட்டினேன். காட்சி வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். வந்தால் அதற்கு ஒரு பெயர் இருந்தது, அது போய்விடும் என்று தெரிந்திருந்தது. பசி எடுத்தது. குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதை நான்கு மாதம் கழித்துத்தான் பார்த்தேன்.

இதுவரை சொன்னதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்லப்போவதை என் கணவரிடம்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

நான் உள்ளே இருக்கிற நாற்பது நிமிஷமும் அக்கா வெளியே பெஞ்சில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் மேடம் கேட்டார்.

"உங்ககூட வர்றாங்களே, அவங்க எப்படி இருக்காங்க?"

"அவங்க நல்லாருக்காங்க மேடம். ரொம்ப தைரியம்."

"அவங்களுக்கும் குழந்தைங்க இருக்கா?"

ஒரு பெண் இருப்பதைச் சொன்னேன். இறந்து பிறந்த பையனைப் பற்றியும், அரிவாள்மணையைப் பற்றியும் சொன்னேன். "அடுத்த வாரம் அவங்களையும் ஒரு பத்து நிமிஷம் உள்ள வரச் சொல்றீங்களா? அவங்களுக்கு விருப்பம் இருந்தா மட்டும். நானா போய்க் கூப்பிட்டா சங்கடப்படலாம்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் மகள் அக்காவின் மடியில் பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நான் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மேடம் கேட்டபோது, "சொன்னேன் மேடம், அவங்க வேணாம்னுட்டாங்க" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஏழு பேர் இருக்கிற வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த நாற்பது நிமிஷம்தான். அதில் பத்து நிமிஷத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. அதோடு அந்த அறையில் நான் அக்காவைப் பற்றியும் புலம்பியிருந்தேன். என் பிள்ளை என்னைவிட அவளிடம்தான் ஒட்டுகிறாள், என் பிள்ளையை அவள் எடுத்துக்கொள்கிறாள் என்றெல்லாம் அழுதிருந்தேன். வியாதியில் பேசியது என்று சொல்லலாம். ஆனால் அழைப்பைச் சொல்லாமல் மறைத்தது வியாதி இல்லை. அப்போது எனக்கு முக்கால்வாசி குணமாகியிருந்தது.

மகளுக்கு ஒரு வயது ஆனபோது கிளினிக் போவது நின்றது. நாங்கள் திருவொற்றியூரில் தனி வீடு பார்த்துப் போனோம். நான் மறுபடி பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் கழித்து, முப்பத்தேழு வயதில் அக்கா மறுபடி உண்டானாள். அவளே எதிர்பார்க்கவில்லை. தெரிந்தபோது கலைக்கிற நாள் கடந்திருந்தது. மாமியார் மட்டும், போன பையன் திரும்பி வருகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண் பிறந்தது. ஐந்தாம் நாள் நான் பார்க்கப் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். குழந்தை பக்கத்தில் அழுதுகொண்டிருந்தது. மாமியார்தான் வந்து எடுத்தார்.

"தூங்குனியாக்கா?"

"தூக்கம் வர்ல. வாணாம். தூங்கனா மாத்திடுவாங்க."

"எத?"

அவள் இன்னொரு துணியை எடுத்து மடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னாள். "இது என்னப் பாக்க மாட்டேங்குதுமே. யார் புள்ளன்னு தெரில."

இது வியாதி. தெரிந்தது எனக்கு. அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "ஒடம்பு அசதிக்கா. துன்னுட்டு தூங்கு, சரியாப்பூடும்."

அடுத்த புதன்கிழமை அவளை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது, திருவொற்றியூரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பிறகு கடையில் பண்டிகைக் கூட்டம், லீவு கிடையாது. இரண்டு வாரம் ஓடிவிட்டது. இரண்டு முறை போன் செய்தேன். மாமியார்தான் எடுத்தார். "நல்லா கீறா. வாயே தொறக்க மாட்டன்றா, அவ்ளோதான்" என்றார்.

பிள்ளை பெற்ற இருபத்திரண்டாம் நாள் காலை எட்டு மணி சுமாருக்கு, அக்கா குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மீன் ஏலம் விடுகிற கூடத்துக்குப் போயிருக்கிறாள். ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஒரு ஐஸ் பெட்டியின் மூடிமேல் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு நடந்து போய்விட்டாள். அவளோடு பல வருஷம் மீன் எடுத்த பெண்கள்தான் குழந்தையைப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவளைக் காணவில்லை.

பெரியவர் கடலில் இருந்தார். என் கணவர் வண்டியை வரிசையிலேயே போட்டுவிட்டு வந்தார். ராயபுரம் முழுக்க, ஸ்டேஷன், கோயில், பாலத்தடி என்று தேடினோம். மறுநாள் மத்தியானம் பேசின் பிரிட்ஜில், தண்டவாளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ரயில் பெட்டி கழுவுகிற பெண்கள் அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். காலில் செருப்பில்லை. ரவிக்கையெல்லாம் பால் கசிந்து காய்ந்திருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, புள்ளய ஏன் அங்க வுட்டுட்டு வந்த?"

அவள் பொறுமையாக எனக்கு விளக்கினாள். "அது அவங்க புள்ளமே. மாத்தி குட்த்துட்டாங்க. அவங்களுத அவங்களாண்ட குட்த்துட்டேன். நம்ம புள்ள வந்துரும்."

அங்கிருந்தே ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு நேராக தண்டையார்பேட்டைக்குப் போனேன். மாவு மில் இருந்தது. மேல்மாடியில் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தார்கள். கிளினிக் மூடி ஒரு வருஷம் ஆகிறது என்றார் மில்காரர். மேடத்தின் நம்பர் என் பழைய போனிலிருந்து புதுப் போனுக்கு வந்திருந்தது. அந்தப் படிக்கட்டில் நின்று கூப்பிட்டேன். எடுத்தார். வேறு ஊரில் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் நினைவு வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"யாரு, வெளிய உட்கார்ந்திருப்பாங்களே, அவங்களா?"

"ஆமா மேடம்."

அவர் வேகமாகப் பேசினார். "இது அவசரம்மா. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. மனநல டாக்டர் பார்க்கணும். பிள்ளை பெத்து எத்தனை நாள்னு அங்க முதல்ல சொல்லுங்க. அவங்கள ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க. குழந்தை வேற ஆள்கிட்ட இருக்கட்டும். இது குணமாகிற வியாதி, புரியுதா? நல்லா குணமாகும். ஆனா பாதில விடக் கூடாது."

பாதியில்தான் விட்டோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள், இரண்டாவது வாரத்தில் அவள் என்னிடம், "புள்ள பால் குடிக்குதா?" என்று கேட்டாள். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். இன்னும் சில வாரம் வைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்குள், எண்ணூர் பக்கம் அவள் பிறந்த நெட்டுக்குப்பத்திலிருந்து அவளுடைய அண்ணன்கள் இருவர் வந்தார்கள்.

"எங்க வூட்டுப் பொண்ண பைத்தியக்கார ஆஸ்பத்திரில போட்டுட்டு புள்ளய புட்ச்சி வெச்சிகினீங்களா?" என்று மூத்தவர் என் கணவரைக் கேட்டார்.

நான் குறுக்கே போய், இது பைத்தியம் இல்லை, எனக்கும் இதுபோல் ஒன்று வந்தது, மருந்தில்தான் சரியானது என்றேன். மாமியார் முன்னால் அதுவரை சொல்லாததை அன்று வராந்தாவில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. மாமியார் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையில் இருந்த குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அக்காவின் கணவர் கரைக்கு வந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். அவர் கைலியின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன்கள் கையெழுத்துப் போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நெட்டுக்குப்பத்தில் முதலில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எப்போதும் தூங்குகிறாள் என்று நிறுத்திவிட்டார்கள். ஒரு கோயிலில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். ஒரு தர்காவுக்குப் போனார்கள். அடித்ததாக ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குழந்தையை மாமியார் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். "ஐஸ் பொட்டி மேல வெச்சிட்டு போனவகிட்ட எத்த நம்பி குடுக்கறது?" என்றார். அவரையும் என்னால் முழுசாகக் குறை சொல்ல முடியவில்லை. அன்று அந்தக் குழந்தையின் உதடு நீலமாக இருந்ததை அவர்தான் பார்த்தார்.

எட்டு மாதம் கழித்துத்தான் நான் நெட்டுக்குப்பம் போனேன். போக எனக்கு தைரியம் வர எட்டு மாதம் ஆயிற்று. அக்கா வீட்டு வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப மெலிந்திருந்தாள். பவர் ஹவுஸ் சாம்பல் கொடித்துணிமேல் படிந்திருந்தது. என்னைப் பார்த்து, "வா, குந்து" என்றாள். மாற்றிய பிள்ளை என்ற பேச்செல்லாம் போயிருந்தது. அந்த இடத்துக்கு வேறு எதுவும் வந்திருக்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் உரிப்பாள். நானும் ஒரு பிடி இறாலை எடுத்து உரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன்.

"அக்கா, அப்ப அந்த மேடம் ஒன்ன உள்ள கூப்ட்டாங்க. நான்தான் ஒன்னாண்ட சொல்லல."

"தெரியும்" என்றாள்.

நான் கையை நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை.

"பலவ தடுப்புதான அது. கரண்டு போய் மில்லு நின்னா எல்லாம் கேக்கும். அன்னிக்கு கரண்டு இல்ல." ஒரு இறாலை உரித்துப் போட்டாள். "நீ சொல்வேன்னு ரெண்டு வாரம் பாத்துகினு இருந்தேன். மூணாவது வாரம் வுட்டுட்டேன்."

"கேட்டிருக்கலாமேக்கா. நேரா உள்ள வந்திருக்கலாமே."

"ஒன் எடம்மே அது. புள்ள என்னாண்ட ஒட்டுதுன்னு அய்துகினு இருந்த. நானும் உள்ள வந்தா நீ எங்க போவ?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். என் மகள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, நான் அந்த அறையிலிருந்து வெளியே வந்த உடனே அக்கா அவளை அவசர அவசரமாக என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்க ஆரம்பித்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மார்க்கெட்டுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுகிறாள் என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒரு முறை மனநல டாக்டர் வருகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணனிடம் கெஞ்சி அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மறுபடி மாத்திரை ஆரம்பித்தார்கள். நான் போகிற மாதம் சாப்பிடுகிறாள். மற்ற மாதங்களில் என்ன என்று தெரியாது. ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள், மெதுவாகத்தான் வரும் என்றார் டாக்டர். அங்கே பேசுவதற்கு யாரும் இல்லை. வரிசை பெரியது, ஆளுக்கு இரண்டு நிமிஷம்.

சின்னவளுக்கு இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. மாமியாரைத்தான் அம்மா என்கிறாள். ஒருமுறை அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் என் புடவைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, தொடாமல், சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். "வளந்துட்டா" என்றாள். நாங்கள் திரும்பி வந்த பிறகு மூன்று நாள் அக்கா சோறு தொடவில்லையாம். இனிமேல் குழந்தையைக் கொண்டுவராதே என்று அவள் அண்ணி எனக்குப் போன் செய்து சொன்னாள். அதன் பிறகு கொண்டுபோகவில்லை.

மூத்தவளைத்தான் இப்போது கூட்டிக்கொண்டு போகிறேன். அவளுக்குப் பதிமூன்று வயது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் இறால் உரிப்பாள். இருவரும் அதிகம் பேசமாட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வரும்போது, எண்ணூர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"சித்தி, எனக்கு புள்ள பொறந்தா எனக்கும் இப்டி ஆவுமா?"

"ஆவணும்னு இல்ல. ஆனாலும் மருந்து கீது. சரி பண்ணலாம். எனக்கு சரியாச்சே."

"அம்மாக்கு ஏன் சரியாவல?"

என்னிடம் பதில் இருந்தது. சொல்ல முடியவில்லை. "ஒனக்கு எப்பனா மனசு ஒரு மாதிரி இருந்தா வாய தொறந்து சொல்லிடு" என்றேன். "என்னாண்ட சொல்லு."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவள் அம்மாவும் என்னிடம்தான் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னது, மாடியில் சுடுகிற தரையில் உட்கார்ந்து சொன்னது, எல்லாம் என்னிடம்தான்.

"சொல்றேன் சித்தி" என்றாள், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அவளை முன்னால் ஏற்றிவிட்டு நான் ஏறினேன்.